வலது ஓரம் இரண்டு விரல்

“இதுக்கு முன்னாடி என்னென்ன டிசைன் பண்ணியிருக்கீங்க?” என்று கேட்டார் ஓவியக் காட்சிக்கூடத்தின் இயக்குநர்.

“தரை துடைக்கிற திரவம், இருமல் மருந்து, மூட்டுவலித் தைலம், எலி மருந்து,” என்றாள் அவள். “எலி மருந்து மட்டும் மூணு கம்பெனிக்கு.”

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் இயக்குநர் பேனாவை மூடித் திறந்தார். அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

அச்சகங்களில் அவளுக்கு லேபிள் அக்கா என்று பெயர். வயதில் மூத்த மிஷின்காரர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஐம்பத்திரண்டு வயதில் இருபத்தேழு வருடம் லேபிளோடு போயிருந்தது. வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஜன்னல் பக்கத்துப் பாதி அவளுடையது. கம்ப்யூட்டர், இரும்பு ஸ்கேல், அட்டை வெட்டும் கத்தி, வண்ண மாதிரி அட்டைகள் எல்லாம் அங்கே இருக்கும். மறுபாதியில் தட்டு வைத்துக்கொள்ளலாம். குழம்பு எல்லை தாண்டினால் வீட்டில் சண்டை. யார் வீட்டுக்குப் போனாலும், கை கழுவப் போன இடத்தில் இருக்கிற பாட்டில்களையெல்லாம் முகம் தெரிகிற மாதிரி திருப்பி வைக்காமல் அவளால் வெளியே வர முடியாது. மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் வீட்டிலேயே அதைச் செய்துவிட்டு வந்தாள் என்று அவள் கணவர் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

ஒரு இருமல் மருந்துக் கம்பெனி, குழந்தைகளுக்கு எத்தனை சொட்டு என்கிற வரியை மூலையில் கொசு மாதிரி போடச் சொன்னது. மூன்று தடவை பெரிதாக்கி அனுப்பினாள். மூன்று தடவையும் சின்னதாகித் திரும்பி வந்தது. நான்காவது தடவை நேரில் போய், “லேபிள்ல சிரிக்கிற குழந்தையைச் சின்னதாக்குங்க. மருந்து குடிக்கிற குழந்தைக்கு இடம் வேணும்,” என்றாள். அந்தக் கம்பெனி அதோடு வேறு ஆளைப் பார்த்துக்கொண்டது. போகட்டும் என்று விட்டாள்.

அப்பேர்ப்பட்டவள் காட்சிக்கூடத்துக்கு வந்து உட்கார்ந்ததற்குக் காரணம் அவள் ஓர்ப்படி. கணவரின் அண்ணன் மனைவி. அவளைவிட ஒன்பது வயது மூத்தவர். இரண்டு தெரு தள்ளி ஒரு தையல் கடையில், பழைய துணிகளைப் பிரித்து அளவு மாற்றிக் கொடுப்பவர். புதுத்துணி தைப்பது வேறு ஆட்களின் வேலை. பெருத்தவர்கள், இளைத்தவர்கள், அண்ணன் சட்டை தம்பிக்கு வந்தவர்கள் எல்லாம் ஓர்ப்படியின் கணக்கில் வருவார்கள். வாடிக்கையாளர்களை அவர் அளவால்தான் நினைவு வைத்திருப்பார். “நேத்து நாப்பத்திரண்டு வந்தாரு, ஆளே பாதி ஆயிட்டாரு,” என்பார்.

கடையின் பின்சுவரில், நூல்கண்டு அலமாரிக்குப் பக்கத்தில், ஓர்ப்படி வரைந்த படங்களைக் குண்டூசியில் குத்தி வைத்திருந்தார். கால்சராயின் இடுப்பை இறுக்க வந்த இயக்குநர் அதைப் பார்த்தார். திரும்பத் திரும்ப வந்தார். வீட்டில் கட்டிலுக்கு அடியில் இன்னும் நூற்றுக்கும் மேல் இருக்கிறது என்று தெரிந்ததும், கண்காட்சி வைக்கலாமா என்று கேட்டார்.

“வைங்க,” என்றார் ஓர்ப்படி. “ஆனா புத்தகம், போர்டு அது இதெல்லாம் எங்க வீட்டுப் பொண்ணுதான் செய்யணும். அவ லேபிள் போடறவ.”

அப்படித்தான் வந்தது இந்த வேலை. கண்காட்சிக்கு ஒரு முகம் வேண்டும். அழைப்பிதழ், வாசல் துணிப்பதாகை, படங்களின் அருகில் ஒட்டும் சிறு அட்டைகள், எல்லாவற்றுக்கும் மேலே படங்கள் அடங்கிய கேட்டலாக். எல்லாம் ஒரே கை செய்ததாகத் தெரிய வேண்டும்.

இயக்குநர் ஏற்கெனவே ஒரு யோசனை வைத்திருந்தார். திரையில் காட்டினார். வெளிறிய ரோஜா நிறப் பின்னணி. ஓர் ஊசி. அதிலிருந்து ஓடும் நூல் சுருண்டு சுருண்டு பூவாகிறது. கீழே, “ஒரு தையல்காரியின் கனவுகள்.”

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அப்படியேதான் இருந்தது.

“கனவு எந்தப் படத்துல சார் இருக்கு?”

“ஒட்டுமொத்தமா ஒரு உணர்வு…”

“வாளி இருக்கு. மடிச்ச போர்வை இருக்கு. கால் ஒடிஞ்ச நாற்காலி, இஸ்திரிப் பெட்டி, மாடிப்படியில கழட்டிப் போட்ட செருப்பு இருக்கு. அவங்க நல்லா முழிச்சுக்கிட்டுதான் வரைஞ்சிருக்காங்க.”

“பார்க்க வர்றவங்களுக்கு ஒரு கதை வேணும் இல்லையா? சாதாரணப் பெண்மணி, ஊசி நூலோட வாழ்க்கை, ரகசியமா ஓவியம்…”

“ரகசியமெல்லாம் இல்ல சார். கடைச் சுவத்துலதானே குத்தி வெச்சிருந்தாங்க? நீங்களே அங்கதானே பாத்தீங்க?”

இயக்குநர் அந்தப் பேச்சைத் தள்ளி வைத்தார். புகைப்படக்காரர் எடுத்த நாற்பத்தேழு படங்களையும் ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்து, ஒரு வாரத்தில் மாதிரி காட்டச் சொன்னார்.

வேலையை அவள் எப்போதும் ஆரம்பிக்கிற இடம் ஸ்கேல். பாட்டில் எவ்வளவு உயரம், வளைவு எங்கே, மூடி எங்கே என்று அளந்த பிறகுதான் நிறத்தைப் பற்றி யோசிப்பாள். அதனால் ஓர்ப்படி வீட்டுக்குப் போய், கட்டிலுக்கு அடியிலிருந்து அசல்களை இழுத்துப்போட்டு அளந்தாள். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் இருந்ததோடு ஒப்பிட்டாள். உயரம் சரியாக இருந்தது. அகலம் இடித்தது. ஒவ்வொன்றிலும் இரண்டு விரல் அகலம் காணோம். நாற்பத்தேழிலும், ஒன்று விடாமல், வலது ஓரம்.

அசலில் அந்த இரண்டு விரலில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியும். மேலிருந்து கீழே சின்னச் சின்ன வண்ணத் தீற்றல்கள். கட்டம் கட்டமாக, ஒன்றன்கீழ் ஒன்றாக. ஒரு நீலம், அதற்குக் கீழே கொஞ்சம் பழுப்பு கலந்த நீலம், அதற்கும் கீழே இன்னும் மங்கலாக ஒன்று. பிரஷ்ஷைத் தொட்டுப் பார்த்த இடம் போல இருக்கும். இத்தனை வருடமாக அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

இயக்குநருக்குப் போன் செய்தாள்.

“நான்தான் ஓரத்தை விட்டுட்டு எடுக்கச் சொன்னேன்,” என்றார் அவர். “ஓரத்துல ஒரே தீத்தல். ஃப்ரேம் போடும்போதும் அதை உள்ள மடிச்சுடலாம்.”

சரி என்றும் சொல்லாமல் மாட்டேன் என்றும் சொல்லாமல் போனை வைத்தாள். மறுநாள் தையல் கடைக்குப் போனாள். ஓர்ப்படி ஒரு கோட்டின் அக்குளைப் பிரித்துக்கொண்டிருந்தார். வாயில் மூன்று குண்டூசி.

“அக்கா, படத்துல வலது ஓரத்துல கலர் வெச்சிருக்கீங்களே, அது என்ன?”

ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோட்டில் குத்திவிட்டு ஓர்ப்படி சொன்னார். “அதுவா? நீ சொல்லிக் குடுத்தது.”

“நானா? நான் எப்போ சொல்லிக் குடுத்தேன்?”

“நீ வாயால சொல்லலை. எனக்குக் கால் முறிஞ்சு மாவுக்கட்டுல கிடந்தேனே, அப்போ துணி வெட்ட மாதிரி போடறதுக்குன்னு அச்சாபீஸ் வேஸ்ட் அட்டை கட்டுக்கட்டாக் கொண்டாந்து போட்டியே? அதுலதானே வரைய ஆரம்பிச்சேன்? ஒரு பக்கம் தைலப் பெட்டி அச்சடிச்சிருக்கும், பின்பக்கம் சும்மா இருக்கும். அந்த அச்சடிச்ச பக்கத்துல, எந்த அட்டையை எடுத்தாலும் ஓரத்துல வரிசையாக் கலர் கட்டம் இருந்துச்சு. நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்புன்னு. அவ்ளோ பெரிய மிஷின்ல வர்றதே என்ன கலர் போட்டேன்னு ஓரத்துல காட்டிட்டுதான் வருது. நாம மட்டும் காட்டாம விடலாமான்னு நானும் போட்டேன். படம்னா அப்படித்தான் போல, அது ஒரு முறை போலன்னு நினைச்சேன்.”

அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அச்சகத்தில் மை சரியாக விழுகிறதா என்று மிஷின்காரர் பார்ப்பதற்காக அடிக்கிற பட்டை அது. வேலை முடிந்ததும் வெட்டிக் குப்பையில் போடுவார்கள். அதைப் பார்த்து ஒரு பெண்பிள்ளை பத்தொன்பது வருடம் விதியாக எடுத்துக்கொண்டிருக்கிறார்.

“அக்கா, அது மிஷின்காரங்க சோதனைக்குப் போடறது. படத்துல சேராது.”

“தெரியும். ஒரு நாலஞ்சு வருஷத்துலயே தெரிஞ்சுபோச்சு. உங்க வீட்டு மேசையில வெட்டின பெட்டி பாத்தேனே, அதுல பட்டை இல்ல.”

“தெரிஞ்ச பிறகும் ஏன் போட்டீங்க?”

ஓர்ப்படி கோட்டைத் திருப்பிப் போட்டார். “அதுக்குள்ள அது எனக்கு வேண்டியிருந்துச்சு. இந்தப் பக்கம் இருக்கறது நான் முடிச்சது. அந்த ஓரத்துல இருக்கறது நான் யோசிச்சது. போன வருஷம் வரைஞ்ச வாளி என்ன நீலம்னு கண்டுபிடிக்க ஏழு நீலம் போயிருக்கேன். அந்த ஏழும் அங்க நிக்குது. அதை எடுத்துட்டா ஏதோ எடுத்தவுடனே வந்த மாதிரி இருக்கும். பொய்யி.”

அவள் வீட்டுக் கூடத்தில் தொங்கும் படம் ஞாபகம் வந்துவிட்டது. படிக்கட்டில் நீல வாளி. ஓர்ப்படி முதன்முதலில் வரைந்து அவளுக்குக் கொடுத்தது. இரும்பு ஸ்கேல் வைத்து, கத்தியால் நாலு பக்கமும் நேராக்கி, சட்டம் போட்டு அவள்தான் மாட்டினாள்.

“அக்கா… எங்க வீட்டு வாளி.”

“ஆமா.”

“நான் வெட்டிட்டேனே. அன்னிக்கே ஏன்க்கா சொல்லல?”

“நீ கண்ணாடி, சட்டமெல்லாம் போட்டு மாட்டிட்டு, எப்படி இருக்குன்னு கேட்டு வாசல்லயே நின்னே. அவ்ளோ சந்தோஷம் உன் மூஞ்சில. அங்க வந்து ஓரம் எங்கேன்னு கேக்கச் சொல்றியா?”

“அதுக்கப்புறமாவது சொல்லியிருக்கலாம்.”

“அதுக்கப்புறம் உனக்கு நான் படம் எதுவும் குடுக்கலையே,” என்றார் ஓர்ப்படி, குண்டூசியை மறுபடி வாயில் வைத்துக்கொண்டே.

உண்மைதான். பத்தொன்பது வருடத்தில் ஒன்றுகூடத் தரவில்லை. கூச்ச சுபாவம் என்று அவளும் அவள் கணவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து வாளிப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி மேசையில் கவிழ்த்தாள். சட்டத்தைப் பிரித்தாள். வலது ஓரம் கத்திபோட்ட கோடாக, முடி அளவுகூடப் பிசகாமல் நேராக இருந்தது. நல்ல வெட்டு. அப்போதே அவளுக்குக் கை சுத்தம். வெட்டின துண்டை எந்தக் குப்பைக்கூடையில் போட்டோம் என்று யோசித்துப் பார்த்தாள். அந்த வீடே இப்போது இல்லை, அதற்கப்புறம் இரண்டு வீடு மாறியாகிவிட்டது.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். தாள் முழுசாகத்தான் புத்தகத்தில் வரும். இல்லாவிட்டால் அந்தப் புத்தகம் அவள் கையால் வராது.

புகைப்படக்காரரிடம் மறுபடி போய் நின்றால் இயக்குநர் காதுக்குப் போகும். அதனால் தானே எடுத்தாள். பால்கனியில் கயிறு கட்டி, வெயில் நேராக விழாமல் வெள்ளைப் போர்வை ஒன்றைப் பிடித்துக்கொள்ளக் கணவரை நிறுத்தினாள். அவர் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டாம் நாளே அட்டவணை போட்டுவிட்டார்.

“பத்து நாப்பதுக்கு வெளிச்சம் உள்ள வருது. பதினொண்ணு இருபத்தஞ்சுக்கு எதிர்வீட்டுத் தண்ணித்தொட்டிக்குப் பின்னாடி போயிடுது. நாப்பத்தஞ்சு நிமிஷம். அதுல பன்னிரண்டு படம். நீ பேசாம இருந்தா பதிமூணு.”

“போர்வையை ஆட்டாம பிடிங்க.”

“நாப்பது வண்டியைக் கையைக் காட்டி நிறுத்தினவன். இப்போ சூரியனை நிறுத்திட்டு நிக்கிறேன். இதுக்குப் பேட்டா உண்டா?”

நாலு நாளில் முடிந்தது. ஐந்தாம் நாள் அந்த ஓரங்களை மட்டும் தனியாக எடுத்துத் திரையில் வரிசையாக நிறுத்தினாள். நாற்பத்தேழு பட்டைகள் பக்கத்தில் பக்கத்தில். ஒன்றைப் போல ஒன்று இல்லை. போர்வைப் படத்தின் பட்டை முழுக்கச் சாம்பல்களாக இருந்தது, பதினோரு சாம்பல். செருப்புப் படத்தில் இரண்டே தீற்றல். அன்றைக்குச் சீக்கிரம் கிடைத்துவிட்டது போல. மேசையின் மறுபாதியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவர் தட்டோடு எழுந்து வந்து பார்த்தார். பதினோரு சாம்பலையும் எண்ணிவிட்டுத் தட்டோடு திரும்பிப் போனார். அவரிடமிருந்து அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது.

இதுதான் முகம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஊசியும் வேண்டாம், பூவும் வேண்டாம். கேட்டலாக்கின் மேலட்டையில் அந்தப் பட்டைகள். வாசல் பதாகையில் பதினோரு சாம்பல், ஆள் உயரத்துக்கு. அழைப்பிதழின் வலது ஓரத்தில் ஏழு நீலம். தலைப்பு, ஓர்ப்படியின் பெயர். அடியில் “நாற்பத்தெட்டுத் தாள்கள்”. உள்ளே வலது பக்கத்துக்கு ஒரு படம், பக்கத்தின் விளிம்பு வரை. புத்தகத்தை மூடினால்கூடப் பக்கவாட்டில் அந்த நிறங்கள் கோடு கோடாகத் தெரியும். நாற்பத்தெட்டாவது, அவள் வீட்டு வாளி. அதைச் சேர்க்கட்டுமா என்று கேட்டபோது ஓர்ப்படி, “உன் இஷ்டம். உன் வீட்டுல இருக்கறதுதானே,” என்று மட்டும் சொன்னார்.

மாதிரியைப் பார்த்த இயக்குநர் ரொம்ப நேரம் பக்கங்களைப் புரட்டினார்.

“இது எல்லாமே நான் வேண்டாம்னு சொன்ன பகுதி.”

“ஆமா சார்.”

“நீங்க அட்டையிலயே வெச்சிருக்கீங்க.”

“ஆமா சார்.”

“அந்தம்மாவே எங்கிட்ட சொன்னாங்க, அச்சு அட்டையைப் பார்த்துத் தப்பா புரிஞ்சுக்கிட்டுப் போட்டதுன்னு. ஒரு தப்பை நாம கொண்டாட முடியுமா?”

“தப்புன்னு தெரிஞ்ச பிறகு பதினாலு வருஷம் போட்டிருக்காங்க. அதையும் சொல்லியிருப்பாங்களே?”

சொல்லியிருந்தார் போல. இயக்குநர் கடைசிப் பக்கத்துக்குத் தாவினார். வாளி. முகம் மலர்ந்துவிட்டது. “இதோ பாருங்க! இதுல ஓரம் இல்ல. எவ்வளவு சுத்தமா இருக்கு. இதை யார் வெட்டினாங்க?”

“நான்தான்.”

“அப்புறம் என்ன? உங்க கண்ணுக்கே அன்னிக்கு அது வேண்டாம்னு பட்டிருக்கு.”

“பட்டுச்சு. அவங்களைக் கேக்காமலே வெட்டினேன். பத்தொன்பது வருஷம் எனக்கு வேற படம் கிடைக்கலை. உங்களுக்கும் அதுதான் நடக்கும்னு சொல்ல வந்தேன்.”

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். குரல் மெதுவாகிவிட்டது. அவள் அனுபவத்தில், மெதுவாகிற குரலில்தான் விஷயம் இருக்கும். “சரி. அந்தம்மா நீங்க சொல்றதைத்தான் கேக்கறாங்க, நான் என்ன பண்ணறது. ஆனா இதுல எங்க காட்சிக்கூடத்தோட பேர் இருக்கு. உங்க பேர் வடிவமைப்பாளர்னு இதுல வராது. எங்க குழுன்னு போட்டுக்கறேன்.”

அவரைப் பொறுத்தவரை அது கடைசி ஆயுதம். எதிரில் உட்கார்ந்திருப்பவள் அழுவாள், குறைந்தது யோசிப்பாள் என்று எதிர்பார்த்தார்.

“ஆயிரம் லேபிள் செஞ்சிருக்கேன் சார்,” என்றாள் அவள், மாதிரியைப் பைக்குள் வைத்துக்கொண்டே. “ஒரு பாட்டில்லயாவது என் பேர் பாத்திருக்கீங்களா? எடுத்துக்குங்க. ஓரத்தை மட்டும் விட்டுடுங்க.”

அடுத்த பத்து நாளில் தாள்கள் அச்சாகி, மடிந்து, தைத்து, வெட்டுக்கு வந்தன. கண்காட்சிக்கு மூன்று நாள் இருந்தது. காலையிலேயே அச்சகத்துக்குப் போனாள். புத்தகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஓர்ப்படியும் கடையிலிருந்து நேரே வந்திருந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. பில்லில் கையெழுத்துப் போட வந்த இயக்குநரும் அங்கே நின்றார்.

வெட்டு மிஷினில் இருப்பவர் முப்பது வருடமாகக் கத்தி பிடிப்பவர். லேபிள் அக்காவைப் பார்த்ததும் பெருமையோடு ஒரு அடுக்கைத் தட்டிக் காட்டினார்.

“முதல் அடுக்கு முடிஞ்சுதுக்கா. எட்டு புத்தகம். உங்க வெட்டு மார்க் ரெண்டு விரல் தள்ளி விழுந்திருந்துச்சு. கலர் பட்டையெல்லாம் புத்தகத்துக்குள்ள மாட்டியிருக்கும். நானே சரிபண்ணி, பட்டையைச் சுத்தமா எடுத்துட்டேன்.”

அவள் மிஷினுக்குக் கீழே பார்த்தாள். குப்பைத் தொட்டியில் ஏழு நீலமும் பதினோரு சாம்பலும் நறுக்கு நறுக்காகக் கிடந்தன.

திட்ட வாய் வரவில்லை. வலது ஓரத்தில் வண்ணக் கட்டம் கண்டால் வெட்டு என்று கற்ற கை அது. அவள் கையும் அதே பள்ளிக்கூடம்தான்.

இயக்குநர் வெட்டிய புத்தகம் ஒன்றை எடுத்துப் புரட்டினார். அடக்க முடியாமல் சிரித்தார். “நான் ஒண்ணும் சொல்லலைங்க. தானா நடந்துடுச்சு. பிரமாதமா இருக்கு. மிச்சத்தையும் இதே அளவுக்கு வெட்டிடுங்க. எட்டு ஒரு மாதிரி, நானூத்துத் தொண்ணூத்திரண்டு ஒரு மாதிரி இருந்தா நல்லா இருக்காது. மறுபடி அச்சடிக்க நேரமும் இல்ல.”

வெட்டுக்காரர் குழப்பத்தோடு அடுத்த அடுக்கை மிஷினில் தள்ளினார். அவள் நேரே போய் உள்ளங்கையை அந்த அடுக்கின் மேல் வைத்தாள்.

“அக்கா, கையை எடுங்க! கத்தி மேல இருக்கு.”

“தெரியும்ணே. நீங்க பொத்தானை அழுத்த மாட்டீங்கன்னும் தெரியும். எல்லாத்தையும் நான் போட்ட மார்க்குலதான் வெட்டப் போறீங்க. அது வரைக்கும் கை இங்கதான் இருக்கும்.”

“என்னம்மா இது, சின்னப் பிள்ளை மாதிரி…” என்று இயக்குநர் ஆரம்பித்தார்.

அதுவரை குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் குனிந்து நின்ற ஓர்ப்படி நிமிர்ந்தார். கையில் சாம்பல் துண்டு ஒன்று.

“முப்பத்தாறு சார்,” என்றார்.

இயக்குநர் சுற்றுமுற்றும் பார்த்தார். தன்னைத்தான் என்று புரியச் சற்று நேரம் ஆயிற்று.

“போன மாசம் உங்க பேண்டை இடுப்புல ரெண்டு இஞ்ச் எடுத்தேனே, எத்தனை தடவை உங்களைக் கேட்டேன்?”

“அது… மூணு தடவை இருக்கும்.”

“மூணு தடவை. சாக்பீஸ்ல கோடு போட்டுக் காட்டினேன். குண்டூசி குத்திப் போட்டுப் பாக்கச் சொன்னேன். உக்காந்து எழுந்திருக்கச் சொன்னேன். அதுக்கப்புறமும், வெட்டட்டுமா சார், வெட்டினா ஒட்டாதுன்னு கேட்டுட்டுதான் கத்திரியை எடுத்தேன். அது உங்க பேண்ட்டு சார். பழசு. முட்டி வேற தேஞ்சு போயிருந்துச்சு. அதுக்கே அவ்ளோ கேட்டேன்.”

வெட்டுக்காரர் தலையைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

“என் படத்துல ரெண்டு விரல் எடுக்க நீங்க என்னை ஒரு தடவை கேட்டீங்களா?”

இயக்குநர் கையிலிருந்த புத்தகத்தை மூடினார்.

“இப்போ கேளுங்க.”

“அம்மா, நான் என்ன சொல்ல வந்தேன்னா…”

“கேளுங்க சார். வெட்டட்டுமான்னு கேளுங்க.”

அவர் ஒரு கையால் தன் இடுப்புப் பட்டையைத் தொட்டுக்கொண்டே கேட்டார். “வெட்டட்டுமா?”

“வேண்டாம்,” என்றார் ஓர்ப்படி. துண்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். “அவ்ளோதான். ஏம்மா, நீ கையை எடு. அவர் வேலை பாக்கட்டும். அந்த எட்டையும் சாருக்கே குடுத்துடுங்க. அவருக்குப் பிடிச்ச மாதிரி இருக்கு.”

கண்காட்சி நாளில் வாசலில் பதினோரு சாம்பலும் ஆள் உயரத்துக்குத் தொங்கின. உள்ளே சட்டங்களில் ஒரு ஓரம்கூட மடிக்கப்படவில்லை. கூட்டம் வந்தது. படத்தைப் பார்த்துவிட்டு ஓரத்துக்குப் போனார்கள், ஓரத்தைப் பார்த்துவிட்டு மறுபடி படத்துக்கு வந்தார்கள். ஒரு அம்மாள் வாளிகளையும் நீலங்களையும் விரலால் எண்ணிக்கொண்டிருந்தாள். கேட்டலாக்கின் கடைசியில், வடிவமைப்பு என்பதற்கு நேரே, சொன்னபடியே காட்சிக்கூடக் குழு என்று இருந்தது.

கடைசிப் படத்தருகே இயக்குநர் நின்றுகொண்டிருந்தார். சிறு அட்டையைப் படித்துவிட்டு, கையிலிருந்த கேட்டலாக்கைத் திறந்து அதே பக்கத்தைத் தேடினார். அங்கேயும் அதுவே இருந்தது. மாதிரி பார்த்த அன்று அவர் படத்தை மட்டும்தான் பார்த்திருந்தார். எழுத்தைப் படிக்கவில்லை.

“48. படிக்கட்டில் வாளி. வலது ஓரம் இரண்டு விரல் அகலம் வெட்டப்பட்டுள்ளது. வெட்டியவர் ஓவியரின் ஓர்ப்படி, லேபிள் வடிவமைப்பாளர். ஓவியரிடம் கேட்கவில்லை.”

“இதை யாரைக் கேட்டுப் போட்டீங்க?” என்றார் அவளிடம்.

“அக்காவைத்தான்.”

“உங்களை நீங்களே இப்படி… அடுத்த பதிப்புல எடுத்துடலாம்.”

“எடுக்கலாம் சார். வழி தெரியுமில்ல? அவங்ககிட்ட மூணு தடவை கேளுங்க.”

அவர் போனதும் ஓர்ப்படி வந்து அட்டையைப் படித்தார். கண்ணாடி போடாமலே, எட்டத்தில் நின்றே படிக்க முடிந்தது.

“எழுத்து ஏண்டி இவ்ளோ பெருசு? மத்ததெல்லாம் சின்னதா இருக்கு.”

“படிக்கணும்ல?”

ஓர்ப்படி அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நாற்காலிப் படத்துக்கு முன்னால் நின்ற நாற்பத்திரண்டைப் பார்த்துவிட்டு, இன்னும் இளைத்துவிட்டாரே என்று சொல்லிக்கொண்டே அந்தப் பக்கம் போனார்.

வாசல் மேசையில் கேட்டலாக்குகள் அடுக்கியிருந்தன. யாரோ எடுத்துப் பார்த்துவிட்டு வைத்ததில் நாலைந்து முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தன. லேபிள் அக்கா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, போகிற போக்கில், ஓரம் தெரிகிற மாதிரி அவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தாள்.